நிலவேம்பும் சிராயதாவும்: பெயர் ஒன்று, செடி இரண்டு... காய்ச்சலுக்கு எது, எவ்வளவு உதவும்?

திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் லைன் வீடுகளில் காய்ச்சல் சீசன் வந்தால் இரண்டு விதமான கசப்பு புழங்கும். தேனி, மதுரைப் பக்கத்திலிருந்து வந்து டெய்லர் வேலை பார்ப்பவர் நிலவேம்புக் குடிநீர் காய்ச்சுவார். பக்கத்து அறையில் இருக்கும் பீகார், வங்காளத் தொழிலாளி ஊரிலிருந்து கொண்டுவந்த காய்ந்த குச்சிகளை இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் வெறும் வயிற்றில் குடிப்பார். அதன் பெயர் சிராயதா. "ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா, அங்க சிராயதா, இங்க நிலவேம்பு" என்று சொல்பவர்கள் உண்டு. நாட்டு மருந்துக் கடையிலும் இதையே கேட்கலாம்.

ரெண்டும் ஒண்ணு இல்லை. ஆனால் இந்தக் குழப்பத்துக்குக் கடைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆயுர்வேத நூல்களில் 'கிராததிக்தம்' எனப்படும் இமயமலைச் செடிக்கு, இந்திய ஆயுர்வேத மருந்தியல் தொகுப்பே தமிழ்ப் பெயராக 'நிலவேம்பு' என்றுதான் போட்டிருக்கிறது. கேரளத்தில் இன்னும் வேடிக்கை. 'கிராத' என்ற சொல்லிலிருந்து வந்த 'கிரியாத்து' என்ற பெயரை அங்கே நம்ம ஊர் நிலவேம்புக்கு வைத்துவிட்டார்கள்.

மலைச் செடி, சமவெளிச் செடி

சிராயதாவின் தாவரவியல் பெயர் சுவெர்ஷியா சிராயிட்டா. சுவெர்ஷியா பேரினத்தில் 100-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. எமானுவேல் சுவெர்ட் என்ற டச்சுத் தோட்டக்கலைஞரின் பெயரால் வந்த பெயர் இது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 முதல் 3,000 மீட்டர் உயரத்தில், காஷ்மீரில் தொடங்கி நேபாளம், பூடான் வரை வளர்கிறது. முதிர்ந்து பூக்க இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். பெரும்பாலும் காட்டிலிருந்துதான் பறிக்கிறார்கள், அதுவும் வேரோடு. விதை விழும் முன்பே பிடுங்கினால் அந்த இடத்தில் அடுத்த தலைமுறை முளைக்காது. வரத்து குறைவு, விலை அதிகம் என்பதற்குக் காரணம் இதுதான்.

நிலவேம்பு வேறு குடும்பம். ஆண்ட்ரோகிராஃபிஸ் பானிகுலாட்டா என்ற இந்தச் செடி கனகாம்பரத்துக்கும் ஆடாதொடைக்கும் சொந்தம். சமவெளி வெயிலில் வளரும். விதைத்த சில மாதங்களில் அறுவடை. வடநாட்டில் இதற்குக் 'கால்மேக்' என்று பெயர். விலை மலிவான இந்தச் செடி, விலை கூடிய சிராயதாவோடு கலந்தோ அதற்குப் பதிலாகவோ விற்கப்படுவது பழைய கதை.

அப்படியானால் சிராயதாவுக்குத் தமிழ்நாட்டில் உண்மையான உறவு யார்? நம்ம ஊர் தரிசு நிலங்களிலும் கடலோர மணலிலும் தரையோடு முளைத்துக் கிடக்கும் வெள்ளறுகு. இரண்டும் ஜென்ஷியானேசியே குடும்பம். சிராயதாவில் இருக்கும் சுவெர்ஷியாமரின் என்ற கசப்புப் பொருள் வெள்ளறுகிலும் இருக்கிறது. சித்த மருத்துவத்தில் வெள்ளறுகுக்குத் தனி இடமே உண்டு. ஆனால் டெங்கு காலத்தில் பேர் வாங்கியது என்னவோ நிலவேம்புதான்.

5.8 கோடியில் ஒரு பங்கு கசப்பு

சிராயதாவின் கசப்புக்கு முக்கியக் காரணம் அமரோஜென்டின் என்ற மூலக்கூறு. இயற்கையில் கிடைக்கும் மிகக் கசப்பான பொருள்களில் ஒன்று. ஒரு பங்கை 5.8 கோடி பங்கு தண்ணீரில் கலந்தாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். செடியில் அது இருப்பதோ மிகச் சிறிய அளவுதான். அந்தத் துளியே வாயைக் கோணவைக்கப் போதும்.

நாக்கில் கசப்பை உணர மனிதர்களுக்குச் சுமார் 25 வகை ஏற்பிகள் உள்ளன. இனிப்புக்கு இத்தனை கிடையாது. காட்டில் நஞ்சுள்ள செடிகள் பெரும்பாலும் கசக்கும் என்பதால் உடல் வைத்துக்கொண்ட எச்சரிக்கை மணி இது என்கிறார்கள் விஞ்ஞானிகள். இதே ஏற்பிகள் குடலிலும் இருக்கின்றன. கசப்பு நாக்கில் பட்டதும் எச்சில் ஊறும், செரிமானச் சுரப்புகள் தூண்டப்படும். பசியில்லாதவருக்குக் கசப்பு மருந்து கொடுக்கும் வழக்கம் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் இருப்பதற்கு அடிப்படை இதுதான். சிராயதா 1839-ல் ஐரோப்பாவுக்குப் போனதும் அங்கே பசியைத் தூண்டும் மருந்தாகத்தான் இடம்பிடித்தது.

சிராயதாவில் மாஞ்சிஃபெரின் என்ற பொருளும் உண்டு. பெயரைப் பார்த்தாலே தெரியும், மாமரத்தின் இலையிலும் பட்டையிலும் இருப்பது. சுவெர்சிரின் என்ற இன்னொன்று ஆய்வக விலங்குகளில் ரத்தச் சர்க்கரையைக் குறைத்திருக்கிறது. 'சுகருக்கு சிராயதா' என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளின் வேர் இந்த எலி ஆய்வுகள்தான். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் டாக்டரிடம் சொல்லாமல் கூடவே இதையும் குடித்தால் சர்க்கரை அளவு மிகவும் இறங்கிவிடும் அபாயம் இருக்கிறது.

நிலவேம்பின் கதாநாயகன் ஆண்ட்ரோகிராஃபோலைடு. 1911-லேயே பிரித்தெடுத்துப் பெயர் வைத்துவிட்டார்கள். அமரோஜென்டினுக்கும் இதற்கும் வேதியியலில் தொடர்பே இல்லை. நாக்குக்கு ஒரே மாதிரி கசக்கும், அவ்வளவுதான். உடலில் அழற்சியைத் தூண்டிவிடும் ஒரு புரதத்தோடு இந்த மூலக்கூறு போய் ஒட்டிக்கொண்டு, அதன் வேலையைத் தடுக்கிறது என்று செல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காய்ச்சல், உடல்வலிக்கு இது ஏன் உதவக்கூடும் என்பதற்கு நம்பத்தகுந்த விளக்கம் இது. சிக்கல் என்னவென்றால், இது தண்ணீரில் எளிதில் கரையாது, குடித்தாலும் ரத்தத்தில் குறைவாகவே சேரும். ஆய்வகத்தில் சுத்தமான ஆண்ட்ரோகிராஃபோலைடு செய்ததை எல்லாம் ஒரு டம்ளர் குடிநீரும் செய்யும் என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

2012-ம் 2017-ம்

2012-ல் தமிழ்நாட்டை டெங்கு உலுக்கியது. மத்திய அரசின் கணக்குப்படி அந்த ஆண்டு மாநிலத்தில் 12,826 பேர் பாதிக்கப்பட்டு 66 பேர் இறந்தார்கள். அப்போதுதான் அரசு மருத்துவமனைகளின் சித்தா பிரிவுகள் வழியாக நிலவேம்புக் குடிநீர் பெரிய அளவில் மக்களிடம் போனது. 2017-ல் மறுபடியும் பெரிய அலை. 23,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர், 65 பேர் உயிரிழந்தனர். பேருந்து நிலையம், பள்ளி, ரசிகர் மன்றம் என்று தெருவுக்குத் தெரு அண்டா வைத்து ஊற்றினார்கள்.

அந்த அக்டோபரில், ஆராய்ச்சி முடிவு வரும்வரை குடிநீர் விநியோகிக்க வேண்டாம் என்று நடிகர் கமல்ஹாசன் தன் இயக்கத்தினரை ட்விட்டரில் கேட்டுக்கொண்டது பெரிய சர்ச்சையானது. அவர்மீது போலீசில் புகார்கூடப் போனது. அதே சமயம் 'நிலவேம்பு குடித்தால் ஆண்மை போய்விடும்' என்ற செய்தியும் சுற்றியது. அதற்கு ஆதாரம் 1990-ல் வெளியான, ஆண் எலிகளில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு. 1997-ல் வந்த வேறொரு எலி ஆய்வில் அப்படிப்பட்ட பாதிப்பு எதுவும் தெரியவில்லை. சில நாள் காய்ச்சலுக்குக் குடித்த ஒருவர் இதற்காகப் பயப்படத் தேவையில்லை.

கமல் கேட்ட கேள்வியை அவர் அரசியலோடு சேர்த்துப் பார்த்துக் கடந்துவிட்டார்கள். ஆனால் கேள்வி நியாயமானதுதான். குடிநீர் என்பது நிலவேம்பு மட்டும் அல்ல. வெட்டிவேர், விலாமிச்சைவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என மொத்தம் ஒன்பது சரக்கு சேர்ந்தது. ஆண்ட்ரோகிராஃபோலைடு செல்களில் டெங்கு வைரஸைக் கட்டுப்படுத்தியது என்பதை வைத்து, இந்த ஒன்பதும் சேர்ந்த கஷாயம் டெங்குவைத் தடுக்கும் என்று சொல்லிவிட முடியாது.

சளி, இருமல், தொண்டைவலி விஷயத்தில் நிலைமை கொஞ்சம் தெளிவு. 33 மருத்துவப் பரிசோதனைகளை, மொத்தம் 7,175 பேரின் விவரங்களைத் தொகுத்து 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. நிலவேம்பு எடுத்தவர்களுக்கு அறிகுறிகள் குறைந்தன என்று அது சொன்னது. பல பரிசோதனைகளின் தரம் சுமார் என்றும் சேர்த்தே சொன்னது. கொரோனா காலத்தில் தாய்லாந்து அரசு லேசான தொற்றுக்கு இதை அனுமதித்தது. ஆனால் அங்கிருந்து வந்த ஒரு முக்கிய ஆய்வறிக்கை, புள்ளிவிவரக் கணக்கில் தவறு இருந்ததால் 2021-ல் திரும்பப் பெறப்பட்டது.

யார் தவிர்க்கணும்?

கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாது. ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் கேட்டுவிட்டுக் குடிக்க வேண்டும். நிலவேம்பு உள்ள மருந்துகளால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்ததை ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-ல் எச்சரித்தது. குடித்ததும் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் என்றால் உடனே மருத்துவமனை.

கடையில் பொடியாக வாங்கினால் எது எதுவென்று கண்டுபிடிக்க வழியில்லை. குச்சியாக வாங்கினால் பார்க்கலாம். நிலவேம்பின் தண்டு பச்சை நிறத்தில், நான்கு பட்டையாக இருக்கும். சிராயதா குச்சி பழுப்பு, உடைத்தால் நடுவில் மஞ்சள் கலந்த அகலமான சோறு தெரியும்.

காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம்

திருப்பூரில் இந்தக் கசப்புகளுக்கு இவ்வளவு மவுசு இருப்பதற்கு மருத்துவம் மட்டுமே காரணம் இல்லை. குழாய்த் தண்ணீர் தினமும் வராத ஊரில் எல்லா வீட்டு வாசலிலும் டிரம் நிற்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்தது அந்த நல்ல தண்ணீர்தான். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். இன்னொரு பக்கம் பீஸ் ரேட். ஒரு நாள் உட்கார்ந்தால் ஒரு நாள் காசு போச்சு, ஆர்டர் நெருக்கடியில் ஒன்றரை ஷிப்டு ஓட்டுகிற கம்பெனியில் லீவு கேட்கவே தயக்கம். அதனால் கஷாயம், ஒரு மாத்திரை, திரும்ப ஓவர்லாக் மெஷின்.

டெங்குவில் இந்தக் கணக்கு தப்பாகும் இடம் ஒன்று இருக்கிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். "கசாயம் கேட்டுருச்சு" என்று வேலைக்குக் கிளம்பத் தோன்றும். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து அழுத்தம் சரியும் ஆபத்தான கட்டம் தொடங்குவதும் அப்போதுதான். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அசதி, சிறுநீர் குறைவது, இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. வலிக்கு பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், புரூஃபென் வகை மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டும். குடிநீர் குடிப்பவர்கள் குடிக்கலாம், ஆனால் காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் ரத்தப் பரிசோதனை தள்ளிப்போகக் கூடாது. முதல் ஐந்து நாளுக்குள் எடுக்கும் என்.எஸ்.1 சோதனையில் டெங்கு பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சம்பளக் கவலைக்கு ஒரு வழி இருக்கிறது, பலருக்கும் தெரிவதில்லை. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர், அரையாண்டு பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டப்பட்டிருந்தால், இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழோடு சராசரி தினக்கூலியில் 70 சதவீதத்தை நோய்க்கால உதவியாகப் பெறலாம். ஆண்டுக்கு 91 நாள் வரை. பொதுவாக முதல் இரண்டு நாளுக்கு மட்டும் கிடைக்காது.