ஒரு நாள் உல்லாசம், ஒரு வேளை விருந்து

பள்ளித் தேர்வுகள் முடிந்து விடுமுறை தொடங்கியதும் நம் இல்லங்களில் எழும் முதல் கோரிக்கை எதுவென்று தாங்கள் நன்கறிவீர்கள். "அத்தா, இந்த லீவுக்கு எங்கே கூட்டிட்டுப் போறீங்க?" என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். முன்பெல்லாம் தொப்பம்பட்டி வட்டாரத்துக் குடும்பங்களுக்குச் சுற்றுலா என்றால் பழனியிலிருந்து மலைப் பாதையில் ஏறிக் கொடைக்கானலைப் பார்த்து வருவதுதான். இன்றைய பிள்ளைகளுக்கு ஏரியும் பூங்காவும் போதவில்லை. தண்ணீரில் சறுக்கி விழ வேண்டும். ராட்டினத்தில் தலைகீழாகச் சுற்ற வேண்டும். ஆகவே மதுரைக்கு அருகே பரவையிலுள்ள அதிசயம் பூங்காவுக்கோ, மேட்டுப்பாளையத்தில் நீலகிரி மலையடிவாரத்திலுள்ள பிளாக் தண்டருக்கோ உறவினர்களோடு கூடி வேன் பிடித்துப் புறப்படுகிறார்கள்.

வேன் வாடகையும் நுழைவுக் கட்டணமும் நம் கையில் இல்லாதவை. கேட்டதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நம் விருப்பத்துக்கு வளைந்து கொடுக்கும் செலவு சாப்பாட்டுச் செலவு ஒன்றே. அதனால் குடும்பத் தலைவர்கள் சிக்கனத்தை அங்கேதான் தொடங்குகிறார்கள். அது தவறென்று கூற மாட்டேன். ஆனால் அந்தச் சிக்கனம் யார் தலையில் விழுகிறது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

விடியற்காலை ஐந்து மணிக்கு வேன் புறப்பட வேண்டுமென்றால் வீட்டுப் பெண்கள் இரண்டரை மணிக்கே அடுப்பைப் பற்ற வைக்கிறார்கள். இட்லி ஒருபுறம், எலுமிச்சைச் சோறு ஒருபுறம், இருபது முட்டைகள் வேறொரு புறம். பொட்டலம் கட்டி முடித்துப் பிள்ளைகளை எழுப்பிக் குளிப்பாட்டி வேனில் ஏற்றிவிட்டு, அவர்கள் கடைசியாக ஏறுகிறார்கள். பூங்காவிலும் பையைக் காத்துக்கொண்டு ஒரு மரத்தடியில் அமர்ந்திருப்பவர்கள் அவர்களே. இரவு பத்து மணிக்கு வீடு திரும்பியதும், "பசிக்குதும்மா" என்ற குரல் கேட்டு மறுபடியும் தோசைக்கல்லைப் போடுகிறார்கள். எல்லோரும் சுற்றுலா போய் வந்தோம் என்கிறோம். அந்த அம்மா எங்கே போய் வந்தார்? சமையலறையை ஒரு நாள் இடம் மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

எனவே எத்தனை சிக்கனமான பயணமாயினும், வீட்டார் எவரும் சமைக்காத, எவரும் பரிமாறாத, அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் ஒரே ஒரு வேளை விருந்தை அதில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள். அதற்கான பணத்தை மற்ற வேளைகளிலிருந்து எடுத்துவிடலாம்.

கணக்கைப் பார்ப்போம். ஆறு பேர் கொண்ட குடும்பம் உணவுக்கென 3,000 ரூபாய் ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை, பகல், மாலைச் சிற்றுண்டி, இரவு என்று நான்காகச் சமமாகப் பிரித்தால் வேளைக்கு 750 ரூபாய், ஆளுக்கு 125. அந்தத் தொகைக்கு நான்கு வேளையும் ஏதோ சாப்பிட்டோம் என்றிருக்குமே தவிர ஒரு வேளையும் நினைவில் நிற்காது. மாறாக, காலைக்கும் மாலைக்குமான பண்டங்களை 500 ரூபாயில் முடித்துக்கொண்டு, பகலுக்கு 700 ரூபாய் வைத்தால், மீதி 1,800 ரூபாய் இரவு விருந்துக்கு நிற்கிறது. ஆளுக்கு 300. அதே 3,000தான், ஆனால் அதற்குள் ஒரு விருந்து வந்துவிட்டது!

இந்த ஏற்பாடு நாம் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் 1971ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டிஸ்னி வேர்ல்டில் சின்ட்ரெல்லாவின் கோட்டைக்குள்ளேயே ஓர் உணவகம் இருக்கிறது. அங்கே அமர்ந்து உண்ண 60 நாள்களுக்கு முன்பிருந்தே இடம் பதிவு செய்யலாம். விலையும் அதற்கேற்றாற்போல் இருக்கும். அதே வேளையில் வீட்டிலிருந்து கொண்டுவரும் உணவைப் பூங்காவுக்குள் எடுத்துச் செல்ல அங்கே அனுமதி உண்டு. பையிலிருக்கும் ரொட்டியால் பகலைக் கழித்து, ஒரு வேளையை மட்டும் கோட்டைக்குள் உண்ண அங்கே வழியிருக்கிறது. நம் பக்கத்துப் பூங்காக்கள் பெரும்பாலும் வெளி உணவை உள்ளே விடுவதில்லை. கைக்குழந்தைக்கான பால், கஞ்சி இவற்றுக்கு விலக்கு உண்டா என்பதையும் சேர்த்துப் புறப்படுவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். வாயிலில் நின்று காவலரோடு வாதாடுவதால் பயனில்லை.

சரி, விருந்தை எந்த வேளைக்கு வைப்பது? பகலுக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வயிறு நிறையக் கறியும் சோறும் உண்டுவிட்டு ராட்டினத்தில் ஏறும் பிள்ளையின் கதி என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தவிரவும், கட்டணம் கட்டி நுழைந்த இடத்தில் சாப்பாட்டு வரிசையில் ஒரு மணி நேரம் நிற்பது கொடுத்த காசை வீணாக்குவதாகும். பகலில் தயிர்சோறோ வேறு எளிய உணவோ போதும். பூங்காவை விட்டு வெளியேறி ஊர் திரும்பும் வழியில், தண்ணீரில் ஆடிய பசியோடு அமரும் இரவு உணவே விருந்துக்கு ஏற்றது. மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகள் இருந்தால் வேன் நகர்ந்த பத்தாவது நிமிடமே அவர்கள் உறங்கிவிடுவார்கள். அத்தகைய வீட்டார் அரை மணி நேரம் முன்னதாகவே பூங்காவை விட்டுக் கிளம்பி, முதலில் வரும் நல்ல கடையில் இறங்கிவிடுவது நல்லது.

பரவையிலிருந்து திரும்பும் நமக்கு வழியிலேயே திண்டுக்கல் இருக்கிறது. இது தொப்பம்பட்டிக்காரர்களுக்கு வாய்த்த நல்வாய்ப்பு என்றே கூற வேண்டும். திண்டுக்கல் பிரியாணியின் பெருமை உலகறிந்தது. 1957ஆம் ஆண்டு நாகசாமி நாயுடு என்பவர் ஆனந்த விலாஸ் என்ற பெயரில் தொடங்கிய சிறு கடை, அவர் தலையில் கட்டியிருந்த தலைப்பாகையால் தலப்பாக்கட்டி என்று பெயர் பெற்று இன்று கடல் கடந்தும் கிளைகள் விட்டிருக்கிறது. பாஸ்மதியின் நீண்ட பருக்கையை நாடாமல், சிறுமணியான சீரகச் சம்பாவைக் கறிச்சாற்றில் ஊற வேக வைப்பதே இவ்வூர்ப் பக்குவம். ஆத்தூர் காமராசர் அணைத் தண்ணீரால்தான் அந்தச் சுவை என்று உள்ளூர்க்காரர்கள் சத்தியம் செய்வார்கள். தண்ணீருக்குப் பங்கு இருக்கலாம். அரிசிக்கும் கறிக்கும் சமையல்காரர் கைக்கும் உள்ள பங்கு அதைவிடப் பெரிது என்றே நான் நினைக்கிறேன்.

ஆயினும் நம்மவர்களுக்கு இங்கே இரண்டு செய்திகளைக் கூறியாக வேண்டும். புகழ்பெற்ற கடை என்பது ஒன்று, அறுப்பு முறை என்பது மற்றொன்று. பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், கல்லாவில் இருப்பவரிடம் ஹலாலா என்று பணிவாகக் கேட்டுவிடுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். நாள்தோறும் பலர் கேட்கும் கேள்விதான் அது. ஐயம் தீரவில்லையென்றால் சைவச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம், அல்லது பேகம்பூர்ப் பக்கம் வண்டியைத் திருப்பலாம். ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகம் அடக்கமாகியிருக்கும் பெரிய பள்ளிவாசல் அங்கேதான் உள்ளது. மஃரிப் தொழுகையையும் முடித்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட அமரலாம். பெண்கள் தொழ எங்கே வசதி உண்டு என்பதை மட்டும் முன்னதாக விசாரித்து வையுங்கள்.

இரண்டாவது செய்தி, பிரியாணியைப் பற்றியே. பெருநாளுக்கு மறுநாள் பூங்காவுக்குப் போகும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். இரண்டு நாள்களாக வீட்டுப் பிரியாணியை உண்டுவிட்டு மூன்றாவது நாள் கடையில் காசு கொடுத்து அதையே உண்பதில் என்ன புதுமை? போதாக்குறைக்கு நன்னி முதல் பிடியை வாயில் வைத்ததுமே, "நம்ம வூட்டு ருசி இதுல இல்லையே" என்று தீர்ப்புக் கூறிவிடுவார்! வீட்டில் செய்ய இயலாததையே விருந்தாகக் கொள்ளுங்கள். மதுரைப் பக்கத்துக் கறிதோசையாக இருக்கலாம். கொத்துப் பரோட்டாவாக இருக்கலாம். வாழையிலையில் பத்து வகைக் காய்கறியோடு சைவச் சாப்பாடாகவும் இருக்கலாம். மதுரையின் ஜிகர்தண்டாவை எவரேனும் நினைவூட்டுவார்கள். பாலும் பாதாம் பிசினும் நன்னாரி சர்பத்தும் கலந்த அருமையான பானம்தான். ஆனால் அதற்காகப் பரவையிலிருந்து நகருக்குள் நுழைந்து விளக்குத்தூண் நெரிசலில் மாட்டிக்கொண்டால் இரவு உணவுக்கு நேரமிராது. மேட்டுப்பாளையம் போனவர்கள் கோவை வழியாகத்தானே திரும்புவார்கள், அவர்களுக்கு உக்கடம், கோட்டைமேடு வட்டாரம் இருக்கிறது.

எதை உண்பது என்பதைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். பசித்த வயிற்றோடு வேனில் வைத்துப் பேசினால் பெரியவன் பரோட்டா என்பான், சின்னவள் ஐஸ்கிரீம் என்பாள், கடைசியில் அத்தா கோபத்தோடு எங்கேயோ நிறுத்துவார். இந்த ஆண்டு தேர்வு செய்யும் உரிமையை அம்மாவுக்குக் கொடுங்கள். அடுத்த ஆண்டு நன்னிக்கு. அதற்கடுத்த ஆண்டு பிள்ளைகளுக்கு. "எனக்கு எதுனாலும் சரி" என்று அம்மா சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். இத்தனை ஆண்டுகளாக அவர் அப்படிச் சொல்லித்தான் பழக்கம். மீண்டும் கேளுங்கள். ஏதோ ஒரு பண்டத்தின் பெயர் வரும்.

விருந்துக்கான பணத்தைத் தனி உறையில் போட்டு அவரிடமே கொடுத்துவிடுங்கள். பூங்காவுக்குள் பஞ்சுமிட்டாயும் பொம்மையும் படமெடுக்கும் கூடமும் நம் சட்டைப் பையைக் குறிவைத்தே நிற்கின்றன. அந்த உறை இரவுக்கு முன் பிரிக்கப்படக்கூடாது. அதேபோல் ஆளுக்கொரு செட் உலர்ந்த உடையை விருந்துக்கென்றே தனியாக எடுத்து வையுங்கள். ஈர உடையோடு மின்விசிறியின் கீழ் அமர்ந்தால் எந்த விருந்தும் இனிக்காது.

இனி, கட்டிக்கொண்டு போகும் உணவு. இதையும் எளிமையாக்க வேண்டும். இல்லையேல் இரண்டரை மணி அடுப்பு அணையாது. முதல் நாள் இரவே சுட்ட சப்பாத்தி, பன், வேகவைத்த முட்டை, விருப்பாச்சி மலைவாழைப்பழம், ஆயக்குடிக் கொய்யா ஆகியவை போதும். பழம் கழுவுவதும் தண்ணீர் நிரப்புவதும் பையன்களின் வேலை. சோறுதான் வேண்டுமென்றால் புளிச்சோறு கட்டுங்கள். புளிப்பும் நல்லெண்ணெயும் அதைக் கெடாமல் கூடுதல் நேரம் காக்கும். பெரிய சட்டியில் கறிச்சோறு ஆக்கி வேனில் ஏற்றும் வழக்கத்தை மட்டும் கைவிட்டுவிடுங்கள். சமைத்த இறைச்சியைக் குளிர்சாதனம் இன்றி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பதும், வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது ஒரு மணி நேரமே பாதுகாப்பு என்பதும் உணவுப் பாதுகாப்பு வல்லுநர்களின் அறிவுரை. நம் சித்திரை வெயிலில் மூடிய வேனுக்குள் என்ன சூடு இருக்கும் என்பதைத் தாங்களே அறிவீர்கள்.

கடையில் அமர்ந்ததும் அம்மாவின் இலைக்கு முதலில் வரட்டும். பிள்ளைகளுக்கு ஊட்டும் பொறுப்பை அன்றிரவு அத்தா ஏற்கட்டும். சிறுவர்களுக்கு முழுத் தட்டு வாங்காமல் இருவருக்கு ஒன்றாக வாங்கி, போதாவிட்டால் மறுபடி கேட்டுக்கொள்ளலாம். மிச்சம் வைத்து எழுந்திருக்கும் சங்கடம் இராது. சாப்பிட்டு முடிக்கையில் மணி எட்டரை ஆகியிருக்கும். திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகத் தொப்பம்பட்டி வந்து சேர இன்னும் நெடுந்தொலைவு இருப்பதால், ஒரு புட்டித் தண்ணீரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு வேனில் ஏறுங்கள். வீட்டுக்கு வந்து அடுப்பைத் தொட வேண்டியதில்லை.