சாலை நடுவில் காத்திருக்கும் ஐந்து விநாடிகள்: வலது பக்கம் பாதுகாப்பாகத் திரும்புவது எப்படி?

காலை ஆறரை மணி. இன்னும் சரியாக விடியவில்லை. தஞ்சோங் மாலிமிலிருந்து சிலிம் ரிவர், பீடோர் வழியாகத் தாப்பாவுக்குச் செல்லும் பழைய கூட்டரசு சாலை போன்ற ஒரு சாலை. நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் வலது சிக்னலைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. ஓட்டுபவர் அப்பா. பின்னால் புத்தகப் பையுடன் பிள்ளை. தமிழ்ப்பள்ளிக்குப் போகும் கிளைச் சாலை எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி வந்துகொண்டிருக்கிறது. பின்னாலும் ஒரு கார் வேகமாக நெருங்குகிறது.

இந்தக் காட்சி தோட்டப்புற மக்களுக்குப் புதிதல்ல. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994-ஆம் ஆண்டு முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகும், தோட்டத்துக்கும் கம்பத்துக்கும் சின்னப் பட்டணத்துக்கும் வாசல் என்னவோ பழைய சாலைதான். பள்ளி, கோயில், கிளினிக், மளிகைக் கடை என்று எங்கே போக வேண்டுமானாலும் அதில் ஓரிடத்தில் வலது பக்கம் திரும்பியாக வேண்டும்.

நம் நாட்டில் வாகனங்கள் இடது பக்கமாகச் செல்கின்றன. ஆகவே இடது பக்கம் திரும்புவது எளிது. வலது பக்கம் திரும்புகிறவரோ எதிரே வரும் வாகனங்களின் பாதையைக் குறுக்கே கடக்க வேண்டும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

நடுத்தடம் எதற்கு?

சில முச்சந்திகளில் சாலையை அகலப்படுத்தி, நடுவில் வலது அம்புக்குறி போட்ட ஒரு குட்டித் தடம் அமைத்திருப்பார்கள். அதற்கு முன்னால் சாய்வான வெள்ளைக் கோடுகள் இருக்கும். வலது பக்கம் திரும்ப வேண்டிய வாகனம், நேராகச் செல்கிறவர்களின் பாதையிலிருந்து விலகி நின்று காத்திருப்பதற்காகவே இந்தத் தடம்.

ஆனால் இதைப் பலர் வேறு வேலைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். மெதுவாகப் போகும் லோரியை முந்துவதற்கு இந்தத் தடத்துக்குள் நுழைகிறவர்கள் உண்டு. தோட்டத்துச் சாலையிலிருந்து வெளியே வந்து, பாதிச் சாலையைக் கடந்து இதில் நின்றுகொண்டு மறுபாதிக்கு நேரம் பார்க்கிறவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. அதே நேரத்தில் அந்தத் தடத்துக்குள் திரும்புவதற்காக ஒருவர் வந்தால் இருவரும் நேருக்கு நேர் மோத நேரிடும். கிளைச் சாலையிலிருந்து வெளியே வருகிறவர் நிறுத்தக் கோட்டிலேயே நின்று, இரு பக்கமும் காலியான பிறகு ஒரே மூச்சில் கடக்க வேண்டும்.

உள்ளே நுழையும் முறை

முதலில் பின்பார்வைக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். அடுத்து சிக்னல். அதன் பிறகு தலையைத் திருப்பி வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை. கண்ணாடியில் படாத இடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கக்கூடும். சாய்வுக் கோடுகளின் மேல் ஏறாமல், அவை முடிந்து தடம் தொடங்கும் இடத்தில் நுழைய வேண்டும்.

உள்ளே நின்று காத்திருக்கும்போது சக்கரம் நேராக இருக்கட்டும். இது பலர் கவனிக்காத ஒரு விஷயம். திரும்பத் தயாராக ஸ்டீயரிங்கை முன்கூட்டியே வலது பக்கம் வளைத்து வைத்திருந்தால், பின்னால் வந்து யாராவது இடிக்கும்போது வண்டி நேராக எதிர்த்தடத்துக்குள் தள்ளப்படும். சக்கரம் நேராக இருந்தால் முன்னோக்கித்தான் நகரும். பிரேக்கையும் அழுத்தியே வைத்திருங்கள். பின்னால் வருகிறவருக்கு அந்தச் சிவப்பு விளக்குதான் எச்சரிக்கை.

திரும்பும்போது மூலையை அறுத்துக்கொண்டு போகக்கூடாது. கிளைச் சாலையின் இடது பாதியில் போய்ச் சேர வேண்டும். வலது பாதியில் வெளியே வருவதற்காக ஒருவர் நின்றுகொண்டிருக்கலாம்.

வழி யாருக்கு?

நேராக வருகிறவருக்கே வழி. காத்திருக்கிறவர் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் இது மாறாது.

கூட்டரசு சாலைகளில் பொதுவான வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு வாகனம் விநாடிக்கு 25 மீட்டர் கடக்கிறது. நீங்கள் நகர்ந்து, திரும்பி, எதிர்த்தடத்தை விட்டு வெளியேற ஐந்து விநாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் எதிரே வரும் கார் 125 மீட்டர் வந்துவிடும். அது ஒரு காற்பந்துத் திடலின் நீளத்தைவிட அதிகம். சுமை ஏற்றிய வண்டிக்கும், பின்னால் ஆள் வைத்த மோட்டாருக்கும் இன்னும் கூடுதல் நேரம் தேவை. மழை பெய்தால் எதிரே வருகிறவர் பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் கூடும்.

இருட்டில் இன்னொரு சிக்கல். மோட்டார் சைக்கிளுக்கு ஒற்றை விளக்கு. அது எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கண்ணால் கணிப்பது கடினம். சந்தேகமாக இருந்தால் அதைப் போக விடுவதே நல்லது.

மிக ஆபத்தானது, பிறர் காட்டும் கருணை. எதிரே வரும் லோரி நின்று, “போ” என்று கையசைக்கும். நன்றி சொல்லிவிட்டுத் திரும்புவோம். லோரியின் மறுபக்கமாக, இடது ஓரத்தில், ஒரு மோட்டார் சைக்கிள் வந்துகொண்டிருக்கும். அது நமக்குத் தெரியாது. நாம் திரும்புவது அவருக்கும் தெரியாது. நாட்டின் சாலை மரணங்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் செல்கிறவர்களுடையவை. லோரிக்காரர் தன் வண்டிக்கு மட்டுமே பேச முடியும். ஆகவே லோரியைத் தாண்டும் இடத்தில் ஒரு கணம் நின்று, எட்டிப் பார்த்த பிறகே நகர வேண்டும். ஹைபீம் அடிப்பதையும் அனுமதியாக எடுத்துக்கொள்ளக்கூடாது. “நான் வருகிறேன், நில்” என்பதற்கும் அதைத்தான் அடிக்கிறார்கள்.

தடம் இல்லாத சந்தியில்

பழைய சாலைகளில் பல தோட்ட முச்சந்திகளுக்கு நடுத்தடமே கிடையாது. அங்கே சாலையின் நடுவிலேயே நிற்க வேண்டியிருக்கும். பின்னால் வருகிறவர் உங்கள் சிக்னலைத் தவறாகப் புரிந்துகொள்ளவும் வாய்ப்புண்டு. லோரிக்காரர்கள் வலது சிக்னலை “இப்போது முந்தாதே” என்று சொல்லவும் பயன்படுத்துவதால், சிலர் அதைத் திரும்பும் அடையாளமாகவே நினைப்பதில்லை. எனவே சிக்னலை முன்கூட்டியே போட்டு, பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாக அழுத்தி, வேகத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். திரும்பும் முன் வலது கண்ணாடியை மறுபடியும் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் யாராவது உங்களை வலது பக்கமாக முந்திக்கொண்டிருக்கலாம்.

மோட்டார் சைக்கிளில் செல்கிறவர்களுக்குப் பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. நடுவில் நிற்காமல், சந்திக்கு முன்பே இடது சிக்னல் போட்டு, சாலையோரமாக ஒதுங்கி நிற்பது. இரு பக்கமும் காலியான பிறகு குறுக்கே கடப்பது. ஒரு நிமிடம் கூடுதலாக ஆகலாம். ஆனால் முதுகுக்குப் பின்னால் ஒரு கார் பாய்ந்து வரும் பயம் இல்லை. பிள்ளையை ஏற்றிச் செல்கிறவர்கள் இதையே பழக்கமாக்கிக்கொள்ளலாம். காரில் செல்கிறவர்கள், பின்னால் வாகனங்கள் நெருக்கமாக வந்தால், அந்தச் சந்தியை விட்டுவிட்டு முன்னே சென்று பாதுகாப்பான இடத்தில் திரும்பி வரலாம்.

பட்டணத்தில்

சமிக்ஞை விளக்குச் சந்தியில் பச்சை அம்புக்குறி எரிந்தால், அது திரும்புகிறவருக்கான நேரம். அம்பு இல்லாமல் வட்டப் பச்சை மட்டும் எரிந்தால், எதிரே நேராக வருகிறவர்களுக்கும் பச்சையாக இருக்கலாம். அவர்களுக்கு வழி விட்ட பிறகே திரும்ப வேண்டும். கிளைச் சாலையைக் கால்நடையாகக் கடக்கிறவர்களையும் பார்க்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு, சாலைப் பலகைகளையும் குறியீடுகளையும் மீறுவதைக் குற்றமாக்குகிறது. அபராதம் 300 முதல் 2,000 ரிங்கிட் வரை. விபத்து நேர்ந்தால் ஆபத்தாக ஓட்டியதற்கான 42-ஆவது பிரிவோ, கவனக்குறைவாக ஓட்டியதற்கான 43-ஆவது பிரிவோ பாயலாம். “நான் சிக்னல் போட்டேனே” என்பது மட்டும் தற்காப்பாகாது. சிக்னல் என்பது அறிவிப்பு. அது வழியை வாங்கித் தராது. திரும்பும் வாகனத்தை இரட்டைக் கோட்டில் முந்துகிறவரும் குற்றவாளியே.

ஓட்டுநர்களின் கவனம் மட்டும் போதாத இடங்களும் உண்டு. உங்கள் தோட்டச் சந்தியில் கோடுகள் அழிந்திருந்தாலோ, தெருவிளக்கு இல்லாவிட்டாலோ, நடுத்தடம் தேவைப்பட்டாலோ பொதுப்பணி இலாகாவின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதலாம். கூட்டரசு சாலைகள் அதன் பொறுப்பில் உள்ளன. எந்த நேரத்தில் எத்தனை பள்ளிப் பிள்ளைகள் கடக்கிறார்கள் என்று எண்ணி, படங்களுடன் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழி அனுப்பினால் அந்தக் கடிதத்துக்குக் கூடுதல் எடை இருக்கும்.

அதுவரை அந்தச் சந்தியில் காத்திருக்கத்தான் வேண்டும். பள்ளி மணி அடித்துவிட்டால், தாமதமாக வந்த பிள்ளையை ஆசிரியர் உள்ளே விட்டுவிடுவார்.