நெல்லை ஆற்றுப்பாலம்: வளைவு எப்படி நிற்கிறது?

மங்காஃபிலிருந்து குவைத் நகரத்துக்குப் போகும் பஸ் மேம்பாலத்தில் ஏறினால் 'டக், டக்' என்று அடிக்கும். வெயிலில் நீளவும் குளிரில் சுருங்கவும் கான்கிரீட்டுக்கு இடையில் விட்ட இணைப்புகள் அவை. அந்தச் சத்தத்தில் எனக்கு எங்கள் ஊர் ஆற்றுப்பாலம் ஞாபகம் வந்துவிடும். இங்கே ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது.

திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணியைக் கடக்க முன்பு படகுதான். கலெக்டர் ஆபீஸ் சிரஸ்தார் சுலோசன முதலியார், ஊர்ப்பணம் திரட்டாமல் தன் கைப்பணம் சுமார் 50,000 ரூபாயைப் போட்டுக் கட்டிய பாலம் 1843-இல் திறந்தது. 60 அடி அகல வளைவுகள் 11. நீளம் 760 அடி. மாதிரியாக இருந்தது லண்டன் வாட்டர்லூ பாலம். கால்வாய்களும் அவற்றின் மேல் கல்பாலங்களும் கட்டிக் கைதேர்ந்த ஜான் ரென்னியின் வேலை அது.

கல் எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும், இழுத்தால் விண்டுவிடும். நீளக் கல்லைப் படுக்கப்போட்டுப் பாரம் ஏற்றினால் அதன் அடிப்பக்கம் இழுபட்டு விரிசல் விடும். நெல்லையப்பர் கோயில் மண்டபங்களில் தூண்கள் அவ்வளவு நெருக்கமாக நிற்பது அதனால்தான். ஆற்றில் அப்படி நெருக்கித் தூண் நட்டால் வெள்ளத்துக்கு வழி ஏது?

வளைவு இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. முதலில் மரத்தில் வில் போலச் சாரம் கட்டுவார்கள். ஆப்பு போலச் செதுக்கிய கற்களை இரு பக்கமிருந்தும் அதன்மேல் அடுக்கி, உச்சியில் கடைசிக் கல்லை இறக்கிய பிறகே சாரத்தைப் பிரிப்பார்கள். அதன்பின் மேலே ஏறும் வண்டியின் பாரம் கற்களை ஒன்றோடொன்று நெருக்கும். எங்கும் இழுவிசை இல்லை. அதனால் இரும்பும் தேவையில்லை. உச்சிக்கல்லைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். என்னைக் கேட்டால் அடியில் கிடக்கும் கல்லுக்கும் அதே மரியாதை உண்டு. எதை உருவினாலும் வளைவு விழும்.

வளைவு கீழே அமுக்குவதோடு பக்கவாட்டிலும் தள்ளும். அடுத்த வளைவு எதிர்த்துத் தள்ளுவதால் நடுத்தூண் அசையாமல் நிற்கிறது. இரு கோடியிலும் கரைச்சுவர் தாங்குகிறது. ஒரு தூணின் அடிமண்ணை வெள்ளம் அரித்தால் இருபுறத்து வளைவுகளும் ஆட்டம் காணும். 1869 வெள்ளத்தில் நம் பாலத்தின் ஒரு பகுதி இடிந்தது, 1871-இல் சரிசெய்தார்கள்.

பிற்காலத்தில் பாலத்தை அகலப்படுத்தியதால், மேலே பஸ்ஸில் போகிறவர்களுக்கு வளைவே தெரியாது. ஊருக்குப் போகும்போது ஆற்றுக்குள் இறங்கி நின்று அண்ணாந்து பாருங்கள்.