கேம் பாய் கருவியின் சிறு வடிவங்கள்

கேம் பாய் என்பது நிண்டெண்டோ நிறுவனம் 1989ஆம் ஆண்டு வெளியிட்ட கையடக்க நிகழ்பட ஆட்டக் கருவி ஆகும். 148 மி.மீ. உயரமும் 32 மி.மீ. தடிமனும் கொண்ட அது கையில் அடங்கினாலும் சட்டைப்பையில் அடங்காது. பின்னர் வந்த சிறு வடிவங்கள் ஒவ்வொன்றும் எதையாவது விட்டுக்கொடுத்தே சிறுத்தன.

இத்தகைய கருவியை எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் சுருக்க இயலாது. ஆடுபவரின் கட்டைவிரல் சுருங்காது. ஏற்கெனவே விற்ற கார்ட்ரிட்ஜ்களின் அளவும் மாறாது. ஆகவே மின்கலத்தைக் குறைப்பதே எளிய வழி.

1996இல் வந்த கேம் பாய் பாக்கெட், நான்கு ஏஏ மின்கலங்களுக்குப் பதிலாக இரண்டு ஏஏஏ மின்கலங்களில் இயங்கியது. திரை சிறுக்கவில்லை, பச்சைச் சாயல் நீங்கித் தெளிவும் கூடியது. விளையாடும் நேரமோ சுமார் 10 மணியாகக் குறைந்தது. தொடக்கத்தில் வந்த கருவிகளில் மின்கல விளக்கையும் நீக்கிவிட்டனர். சிறு சிவப்பு விளக்குதானே எனத் தோன்றலாம். ஆனால் மின்கலம் தீரப்போவதை அதுதான் மங்கிக் காட்டும். சேமிக்காத ஆட்டம் திடீரென அணைந்தால் அதுவரை ஆடியது வீண். பிந்தைய கருவிகளில் விளக்கு மீண்டும் சேர்க்கப்பட்டது.

2003இல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி வேறு வழியில் சென்றது. 2.9 அங்குலத் திரையைச் சுருக்காமல் கருவியையே மடித்தது. மடித்த நிலையில் அகலம் 82 மி.மீ. மட்டுமே. திரை கீறல்படாமல் மூடியிருந்தது கூடுதல் நன்மை. ஆனால் ஹெட்போன் துளைக்கு இடமில்லை. தனி இணைப்பி வாங்க வேண்டியிருந்தது.

2005இன் கேம் பாய் மைக்ரோ 101 மி.மீ. அகலமும் 80 கிராம் எடையும் கொண்டது. 240×160 படப்புள்ளிகள் அப்படியே இருக்க, திரை 2 அங்குலமானது. படம் கூர்மையானது; ஆனால் ஆட்டத்தின் எழுத்துகள் குறிப்பிட்ட புள்ளிகளால் வரையப்பட்டவை என்பதால் அவையும் சுமார் 30 விழுக்காடு சிறுத்தன. உரையாடல் மிகுந்த ஆட்டங்களில் இது கண்ணுக்குச் சுமை. பழைய கேம் பாய் கார்ட்ரிட்ஜ்களும் இதில் இயங்கா. மொத்தம் விற்றவை சுமார் 24 இலட்சம். இதற்கு அளவை மட்டும் குறைகூற முடியாது: 2004இல் வந்த நிண்டெண்டோ டிஎஸ், அட்வான்ஸ் ஆட்டங்களையும் இயக்கியது.

இதே சிக்கல் 2019இன் சுவிட்ச் லைட் கருவியிலும் தொடர்ந்தது. திரை 6.2 அங்குலத்திலிருந்து 5.5 ஆனது, தொலைக்காட்சி இணைப்பும் கழற்றும் கைப்பிடிகளும் நீக்கப்பட்டன. அக்கைப்பிடிகள் தேவைப்படும் ஆட்டங்களுக்கு அவற்றைத் தனியாக வாங்கி இணைக்க வேண்டும்.