தோட்டத்தில் முயல் ஒளித்த முட்டை

1783ஆம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனன்று, ஜெர்மனியின் வைமர் நகரில் இருந்த கவிஞர் கெத்தேயின் தோட்டத்துக்குப் போனார் மாத்திசன் என்ற இளங்கவிஞர். அங்கே கெத்தே பிள்ளைகளுக்காக முட்டைகளை ஒளித்து வைத்துவிட்டுத் தேடச் சொல்லியிருந்தார். எழுத்தாளர்கள் ஹெர்டர், வீலாண்ட் ஆகியோரின் வீட்டுப் பிள்ளைகளும் கூட்டத்தில் இருந்தார்கள். தோட்டமெங்கும் சிதறி ஓடிய பிள்ளைகள், முட்டை கண்ணில் பட்டதும் அதற்காக மல்லுக்கட்டியதையும் மாத்திசன் தம் நினைவுக்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

வீட்டில் ஈஸ்டர் முட்டை வேட்டை வைக்க நினைப்பவர்கள் அந்த மல்லுக்கட்டை மனத்தில் வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். சாக்லேட்டா, அவித்த முட்டையா என்பதெல்லாம் பிறகு. பத்து வயது அண்ணன் ஓடி ஓடிக் கூடையை நிரப்பிக்கொள்ள, நான்கு வயதுத் தங்கை வெறுங்கையோடு நின்று அழுதால் காலைப் பொழுதே கெட்டுவிடும். முட்டையை ஒளிப்பவர் முந்தைய இரவு கொஞ்சம் யோசித்தாலே இதைத் தவிர்க்கலாம்.

முட்டைக்கும் இந்தப் பண்டிகைக்கும் உள்ள தொடர்பு சமையலறையில் தொடங்கியது. இடைக்கால ஐரோப்பாவில் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தின் நாற்பது நாளும் இறைச்சியோடு முட்டையையும் விலக்கினார்கள். வசந்தம் பிறந்து பகல் நீளும் அந்தப் பருவத்தில்தான் கோழிகள் அதிகமாக முட்டையிடும். உயிர்த்த ஞாயிறான ஈஸ்டர் வருவதற்குள் வீடு முழுக்க முட்டை சேர்ந்துவிடும். அவித்தார்கள், சாயமிட்டார்கள், பரிசாகக் கொடுத்தார்கள். இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டின் 1290ஆம் ஆண்டு அரண்மனைக் கணக்கில், ஈஸ்டர் பரிசுக்காக வாங்கிய 450 முட்டைகளுக்கு 18 பென்ஸ் செலவு எழுதப்பட்டிருக்கிறது. கிரேக்கத் திருச்சபையினர் இன்றும் முட்டைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். அவர்களுக்குச் சிவப்பு இயேசு சிந்திய இரத்தம். முட்டை ஓடு என்பது மூடிய கல்லறை. அதை உடைப்பது உயிர்ப்பு.

இந்தப் பண்டிகைக்குள் முயல் எப்படி வந்தது? 1682இல் ஃபிராங்கெனாவ் என்ற ஜெர்மன் மருத்துவர் ஈஸ்டர் முட்டைகளைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதினார். அல்சாஸ் பகுதியிலும் அதைச் சுற்றியும், முயல் முட்டையிட்டுத் தோட்டத்துப் புல்லிலும் புதரிலும் ஒளித்து வைப்பதாகப் பிள்ளைகளிடம் சொல்வார்கள் என்று அதில் குறிப்பிடுகிறார். அளவுக்கு மீறி முட்டை தின்றால் வரும் உபாதைகளையும் மருத்துவராக எடுத்துச் சொல்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மன் குடியேறிகள் இந்த முயலை அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பிள்ளைகள் தங்கள் தொப்பிகளையே கூடுபோல் வைத்து, முயல் வந்து நிரப்பும் என்று காத்திருப்பார்கள். பிரான்சில் பெரும்பாலும் கதை வேறு. பெரிய வியாழன் முதல் ஓய்ந்திருக்கும் தேவாலய மணிகள் ரோமாபுரிக்குப் பறந்து போய்த் திரும்பும் வழியில் இனிப்புகளைத் தோட்டங்களில் போட்டுவிட்டு வரும்.

இங்கிலாந்து அரண்மனைக்குள் இந்த விளையாட்டைக் கொண்டுவந்ததும் ஒரு ஜெர்மன் தாய்தான். விக்டோரியா அரசியின் தாயார் கோபர்க்கில் பிறந்தவர். 1833 ஏப்ரல் 7, ஈஸ்டர் ஞாயிறன்று, அம்மா வண்ணம் தீட்டிய முட்டைகளைத் தானும் மற்றவர்களும் தேடியதைப் பதின்மூன்று வயது விக்டோரியா தம் நாட்குறிப்பில் எழுதினார். பின்னாளில் அவரும் கணவர் ஆல்பர்ட்டும் பெரிய வியாழன்தோறும் தம் பிள்ளைகளுக்காக அரண்மனையில் முட்டை வேட்டை வைத்தார்கள்; பாசி வைத்துச் செய்த சிறு கூடைகளில் முட்டைகளை வைத்து ஒளித்தவர் ஆல்பர்ட். ஒளிக்கும் வேலை தந்தையின் பொறுப்பில் இருந்தது என்பதுதான் இதில் முக்கியம். எந்தப் பிள்ளைக்குக் கை எட்டும், எதற்குப் பொறுமை குறைவு என்பது பெற்றவர்களுக்குத்தானே தெரியும்!

இனி, வீட்டில் மல்லுக்கட்டை எப்படித் தவிர்ப்பது என்ற கேள்விக்கு வருவோம். ஜெர்மன் வீடுகளில் பல தலைமுறையாக இருக்கும் வழி, பிள்ளைக்கு ஒரு கூடு. கூட்டில் யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவருக்கே அது சொந்தம். தனித்தனி முட்டைகளாக ஒளிப்பதென்றால் பிள்ளைக்கு ஒரு நிறம் ஒதுக்கலாம்: மஞ்சள் தங்கைக்கு, நீலம் அண்ணனுக்கு. எண்ணிக்கை இருவருக்கும் ஒன்றே. அண்ணனின் கண்ணில் மஞ்சள் முட்டை பட்டால் அவன் தொடாமல் நகர்ந்துவிட வேண்டும். இடத்தைச் சொல்லவும் கூடாது. இப்படி நிறம் பிரித்துவிட்டால் ஒளிப்பவருக்கும் கை தாராளமாகிறது. சின்னவளுடையவற்றை அவள் முழங்கால் உயரத்தில், பாதி தெரியும்படி வைக்கலாம். பெரியவனுடையவற்றைச் சுருட்டிய குடைக்குள்ளும் புத்தக வரிசையின் பின்னாலும் செருகலாம். சின்னவள் ஐந்து நிமிடம் முன்பே தேடத் தொடங்கட்டும்.

எல்லா முட்டைகளின் இடத்தையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒளித்தவருக்கே பாதி இடங்கள் மறந்துபோகும். சோபாவுக்கு அடியில் தங்கிவிட்ட அவித்த முட்டை, சில நாளில் தன் இருப்பைத் தானே நாற்றத்தால் தெரிவிக்கும்.

பெரியவர்கள் எந்த அளவுக்குத் தலையிடலாம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கசப்பான உதாரணம் உண்டு. கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் நடந்துவந்த பொது முட்டை வேட்டையை 2012இல் ரத்து செய்தார்கள். முந்தைய ஆண்டு பெற்றோர்களே எல்லையாகக் கட்டிய கயிற்றைத் தாண்டிக் குதித்துத் தங்கள் பிள்ளைகளுக்காக முட்டைகளை அள்ளியதுதான் காரணம். வீட்டிலும் இந்த ஆசை எழும். பிள்ளை தவிக்கும்போது முட்டையை எடுத்துக் கொடுப்பதைவிட, கிட்டே போனால் ‘சூடு’, விலகிப் போனால் ‘குளிர்’ என்று குரல் கொடுப்பது போதும். தானே கண்டுபிடித்த குழந்தையின் கூச்சலைக் கேட்டவர்கள் பிறகு கையை நீட்டமாட்டார்கள்.

அவித்த முட்டைக்குச் சாயமேற்ற நம் சமையலறைப் பொருட்களே போதும். வெங்காயச் சருகு செம்பழுப்பு தரும், மஞ்சள்தூள் மஞ்சள் தரும், பீட்ரூட் இளஞ்சிவப்பு தரும். ஊதா நிற முட்டைக்கோஸை வேகவைத்த நீரில் வெள்ளை முட்டையை ஊறவைத்தால் நீலமாகும். பிள்ளைகள் வியந்து பார்ப்பது இதைத்தான். சாயநீரில் ஒரு கரண்டி வினிகர் சேர்க்க வேண்டும். அதன் அமிலம் ஓட்டின் சுண்ணாம்பை லேசாக அரிப்பதால் நிறம் நன்றாகப் பிடிக்கும். சாப்பிடப்போகும் முட்டை என்றால் குளிர்பெட்டிக்கு வெளியே மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது அமெரிக்க வேளாண்துறை. ஓட்டில் விரிசல் விழுந்தவற்றை எறிந்துவிடலாம்.

சாக்லேட் முட்டைக்கு வேறு கவலை. பிரிட்டனில் 1873இல் பிரிஸ்டலின் ஃப்ரை நிறுவனமும் 1875இல் கேட்பரியும் அதைச் செய்யத் தொடங்கியதிலிருந்து வேட்டைகளில் அதன் பங்கு கூடிக்கொண்டே வந்திருக்கிறது. சாக்லேட் நம் உடல் சூட்டிலேயே உருகிவிடும். வெயில் படும் ஜன்னலும், குளிர்நாடுகளின் வீடுகளில் அறையைச் சூடாக்கும் ஹீட்டரும் அதற்கு ஆகாது. அடுப்புக்குள் ஒளிப்பதை அடியோடு தவிர்க்க வேண்டும்; தெரியாமல் யாராவது மூட்டிவிடுவார்கள். நாய் வளர்க்கும் வீட்டில் தரைமட்டத்தில் சாக்லேட் வைக்கவே கூடாது. அதில் உள்ள தியோபுரோமின் நாய்க்கு நஞ்சு. கைக்குழந்தைகளும் தவழும் பிள்ளைகளும் இருந்தால் உருண்டை மிட்டாய்களும் முழுப் பருப்புகளும் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எந்த ஞாயிறிலும் வரலாம். முன்கூட்டி வந்தால் ஐரோப்பாவில் குளிர் விட்டிருக்காது. 2013இல் அது மார்ச் 31 அன்று வந்தபோது ஜெர்மனியின் பல பகுதிகளில் பனி கிடந்தது. அத்தகைய ஆண்டுகளில் வேட்டை வீட்டுக்குள்தான். சிறிய அடுக்குமாடி வீட்டில் ஒளிக்க இடம் குறைவாக இருந்தால் துப்புச் சீட்டுகள் கைகொடுக்கும்: ஒரு சீட்டு அடுத்த சீட்டின் இடத்தைச் சொல்லும், கடைசிச் சீட்டு கூட்டின் இடத்தைச் சொல்லும். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் கனடாவிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இந்த முயலைப் பற்றிக் கேட்டுவிட்டு வருகிறார்கள். அவர்களுக்கு இந்தச் சீட்டுகளை அம்மம்மாவோ தாத்தாவோ தமிழில் விடுகதையாக எழுதித் தரலாம். ‘மழையில் என்னுள் கால் வைப்பாய், வெயிலில் வாசலில் விடுவாய்’ என்றால் மழைக்காலச் சப்பாத்து. முட்டை வேண்டுமென்றால் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசித்துத்தான் ஆக வேண்டும்.

பார்வையற்ற பிள்ளைகளும் இந்த வேட்டையில் சேரலாம். அமெரிக்காவில் வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் வல்லுநர்கள், பீப் ஒலி எழுப்பும் பிளாஸ்டிக் முட்டைகளைத் தாங்களே செய்து அவர்களுக்காக வேட்டை நடத்துகிறார்கள். ஒலி வரும் திசையில் நடந்து முட்டையைக் கண்டெடுக்கும் பிள்ளை, அதைக் கொடுத்துவிட்டு இனிப்பு வாங்கிக்கொள்ளும். வீட்டில் அதற்குத் தனிக் கருவி தேவையில்லை. டிக் டிக் என்று ஓடும் சமையலறை டைமரை ஒரு டப்பாவில் போட்டுப் பக்கத்தில் முட்டையை வைத்தால் போதும். கண் தெரிந்த பிள்ளைகளும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று ஆடிப் பார்க்கலாம்.