தலைவலியை மறைக்காதீர்கள்: ஆண்டீஸ் மலையேற்றத்துக்கு முன் அறிய வேண்டியவை

பெருவின் தலைநகர் லிமா கடலோர ஊர். அங்கே விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் குஸ்கோவில் இறங்கிவிடலாம். குஸ்கோ இருப்பதோ 3,400 மீட்டர் உயரத்தில். தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அதையும் தாண்டி முக்கால் கிலோமீட்டர் மேலே, ஒரே காலைப் பொழுதில் போய் நின்றுவிடுகிறோம். இன்கா காலத்து நகரமான மச்சு பிச்சுவுக்கு நடந்தே போகும் இன்கா பாதை, சல்கன்டாய் பாதை, அவுசங்கதே மலையைச் சுற்றிவரும் பாதை என்று ஆண்டீஸின் பெயர்பெற்ற மலையேற்றங்கள் பலவற்றுக்கும் குஸ்கோதான் வாசல்.

வழிகாட்டி இருக்கிறார், சமைக்க ஆள் உண்டு, கூடாரம் சுமக்கவும் ஆள் உண்டு, பிறகென்ன கவலை என்று பலரும் நினைக்கிறார்கள். வழிகாட்டிக்குப் பாதை தெரியும். உங்கள் தலையில் வலிக்கிறதா என்பது நீங்கள் சொன்னால்தான் தெரியும். உயரத்துக்கு உடல் பழகாததால் வரும் உயர்மலை நோயால் நேரும் இறப்புகளில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை. "எனக்கு முடியவில்லை" என்று காலத்தோடு வாய்திறந்து சொல்வதுதான் அதற்கு முதல் படி.

உயரத்தில் என்ன நடக்கிறது?

மலை மேலேயும் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம்தான். மாறுவது காற்றின் அழுத்தம். அழுத்தம் குறையக் குறைய, ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்ஸிஜன் குறைகிறது. குஸ்கோவில் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். இன்கா பாதையின் மிக உயர்ந்த கணவாயில் அது ஏறத்தாழ 60 சதவீதம். 5,500 மீட்டரில் சரிபாதி.

உடல் இதற்கு உடனே செய்யக்கூடியது வேகமாக மூச்சு விடுவதுதான். அப்படி மூச்சு விடும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி, ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அதை உணர்ந்த மூளை மூச்சைக் கட்டுப்படுத்தப் பார்க்கும். சிறுநீரகம் அந்தக் காரத்தைக் கழித்து ரத்தத்தைச் சமநிலைக்குக் கொண்டுவரச் சில நாட்கள் ஆகும். அதன் பிறகுதான் தடையின்றி ஆழமாக மூச்சு விட முடியும். சிவப்பணுக்கள் பெருக வாரக்கணக்கில் ஆகும். உயரத்துக்குப் பழகுவது என்பது இதுதான். இதை அவசரப்படுத்த முடியாது.

தினமும் ஓடுகிறவர், ஜிம்முக்குப் போகிறவர், இளைஞர் என்ற கணக்கெல்லாம் இங்கே செல்லாது. நல்ல உடற்கட்டு ஏறுவதை எளிதாக்கும், ஆனால் நோய் வராமல் காக்காது. வேகமாக ஏறத் தெம்பு இருப்பதாலேயே கட்டுடல் உள்ள இளைஞர்கள் மாட்டிக்கொள்வதும் உண்டு.

ஆண்டீஸ் மக்கள் சொரோச்சே என்று அழைக்கும் இந்தத் துன்பத்தை எழுத்தில் தெளிவாகப் பதிந்தவர்களில் முன்னோடி, ஹோசே தெ அகோஸ்தா என்ற ஸ்பானியப் பாதிரியார். பெருவின் பரியகாகா மலையைக் கடக்கும்போது உயிரே போய்விடும் என்று தோன்றும் அளவுக்கு வாந்தி எடுத்ததை 1590இல் வெளியான தம் நூலில் விவரித்தார். அங்குள்ள காற்று மனிதர் மூச்சுக்குப் போதாதபடி மெல்லியது என்று காரணத்தையும் ஊகித்தார். ஆக்ஸிஜனைக் கண்டறிவதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் முன்பே எழுதியது இது.

நோயின் மூன்று வடிவங்கள்

முதலாவது, பரவலாக வருவது, சாதாரண உயர்மலை நோய். புதிய உயரத்துக்குப் போய் 6 முதல் 12 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். கூடவே குமட்டல், பசியின்மை, அசதி, தலைசுற்றல் ஆகியவற்றில் ஒன்றிரண்டு சேரும். மேலே ஏறாமல் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும்.

இரண்டாவது, மூளையில் வீக்கம். நடை தள்ளாடும், பேச்சு குழறும், குழப்பமும் எரிச்சலும் வரும். ஒதுங்கி உட்கார்ந்து யாரோடும் பேசாமல் இருப்பதும் அறிகுறியாக இருக்கலாம். கவனிக்காவிட்டால் ஒரே நாளில் மயக்கநிலை வரை போய்விடும்.

மூன்றாவது, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. உயர்மலை நோயால் நேரும் இறப்புகளுக்கு இதுவே முக்கியக் காரணம். பெரும்பாலும் இரண்டாவது முதல் நான்காவது இரவுக்குள் தலைகாட்டும். நேற்று வரை முன்னால் நடந்தவர் இன்று எல்லோருக்கும் பின்னால் வருவார். வறட்டு இருமல் இருக்கும். உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கும், படுக்க முடியாது. முற்றினால் இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வரும். தலைவலி எதுவும் இல்லாமலேயே இது வரலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்கா பாதையின் இரண்டாம் நாள்

இன்கா பாதையில் வழிகாட்டி இல்லாமல் யாருக்கும் அனுமதி இல்லை. பயணிகள், வழிகாட்டிகள், சுமை தூக்குவோர் எல்லோரும் சேர்த்து நாளொன்றுக்கு 500 பேர் என்பதே பல ஆண்டுகளாக இருந்துவரும் வரம்பு. பிப்ரவரியில் பாதை மூடப்படும். ஏறத்தாழ 43 கிலோமீட்டர், நான்கு நாட்கள்.

முதல் நாள் சுமார் 2,700 மீட்டரில் தொடங்கி, 3,000 மீட்டரில் உள்ள வாயாபம்பாவில் படுக்கை. இரண்டாம் நாள்தான் சோதனை. கல்படிகள் ஓயாமல் மேலே போகும். யுயுச்சபம்பா புல்வெளி வரும்போது 3,800 மீட்டர். அதற்கு மேல் மரமில்லை, நிழலில்லை. பத்துப் படி ஏறி நிற்பதும், கைத்தடியில் சாய்ந்து மூச்சு வாங்குவதும், மறுபடி பத்துப் படி ஏறுவதுமாக 4,215 மீட்டரில் உள்ள வார்மிவான்யுஸ்கா கணவாயைத் தொட வேண்டும். அங்கிருந்து செங்குத்தாக இறங்கி 3,600 மீட்டரில் பகாய்மாயோவில் இரவு தங்கல்.

இந்தப் பாதையின் வரைபடத்தை ஒரு நிமிடம் கூர்ந்து பாருங்கள். பகாய்மாயோ இரண்டு கணவாய்களுக்கு நடுவே உள்ள பள்ளம். அங்கே ஒருவருக்கு நோய் முற்றினால், திரும்பிப் போனாலும் 4,215 மீட்டர் கணவாய்க்கு ஏறியாக வேண்டும், முன்னே போனாலும் ஏறத்தாழ 3,950 மீட்டர் கணவாயைக் கடந்தாக வேண்டும். இந்த நோய்க்கு மருந்து கீழே இறங்குவது. பாதையோ இரு பக்கமும் மேலேதான் போகிறது. அதனால் தொடர்வதா திரும்புவதா என்ற முடிவை எடுக்க வேண்டிய இடம் வாயாபம்பா, தவறினால் யுயுச்சபம்பா. இரண்டாம் நாள் காலை தலைவலியோடு விழித்தால், காலை உணவுக்கு முன்பே வழிகாட்டியிடம் சொல்லிவிட வேண்டும்.

ஏன் சொல்லத் தயங்குகிறோம்?

லட்சக்கணக்கில் செலவழித்து, மாதக்கணக்கில் காத்திருந்து அனுமதி வாங்கி வந்திருக்கிறோம். நம்மால் மற்றவர்களுக்குத் தாமதமாகிவிடுமோ என்ற கூச்சம். "வயசாயிடுச்சு, இதெல்லாம் தேவையா" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். எல்லாம் சேர்ந்து வாயை அடைத்துவிடுகிறது. குழுப் பயணத்தில் நாள், தங்குமிடம், ரயில் நேரம் எல்லாம் முன்பே முடிவாகிவிடும். உடல் அந்த அட்டவணைக்குக் கட்டுப்படாது. நேபாள மலையேற்ற இறப்புகளை 1980களின் இறுதியிலிருந்து ஆராய்ந்த மருத்துவர்கள், ஏற்பாடு செய்யப்பட்ட குழுக்களில் போனவர்களே உயர்மலை நோய்க்கு அதிக விகிதத்தில் பலியானதைக் கண்டார்கள். தனியாகப் போகிறவர் முடியாவிட்டால் ஒரு நாள் தங்கிவிடுவார். குழுவில் இருப்பவர் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கிறார்.

நல்ல வழிகாட்டி ஒவ்வொரு மாலையும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்பார்: தலை வலிக்கிறதா, சாப்பிட்டீர்களா, சிறுநீர் நன்றாகப் போகிறதா? அந்தக் கேள்விகளுக்கு உண்மையான பதிலைச் சொல்லுங்கள்.

பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

3,000 மீட்டருக்கு மேல், இரவு தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் போனோம் என்பதைவிட இரவு எங்கே தூங்குகிறோம் என்பதே முக்கியம்.

குஸ்கோவில் இறங்கியவுடன் அங்கேயே அறை எடுப்பதைவிட, வண்டி பிடித்துப் புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுவது நல்லது. அங்குள்ள உருபம்பா, ஒயாந்தாய்தம்போ ஊர்கள் 2,800 மீட்டர் அளவில்தான் இருக்கின்றன. அங்கே ஓரிரு இரவும் குஸ்கோவில் ஓரிரு இரவும் தங்கிவிட்டு நடையைத் தொடங்கினால் உடல் ஓரளவு பழகியிருக்கும். சல்கன்டாய் பாதையில் போகிறவர்களுக்கு இன்னும் கூடுதல் நாட்கள் தேவை. அங்கே முதல் இரவே 3,900 மீட்டர் அளவில். கணவாய் 4,600 மீட்டருக்கும் மேலே.

முதல் இரண்டு நாள் மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம், இரண்டுமே இரவில் மூச்சை மந்தமாக்கும். தாகத்துக்கேற்பத் தண்ணீர் குடியுங்கள். லிட்டர் லிட்டராகக் குடித்தால் நோய் வராது என்பது தவறான நம்பிக்கை. உயரம் கூடக்கூட வெயிலின் புற ஊதாக் கதிரும் கூடும், 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம். குளிர்கிறதே என்று தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் பைக்குள் போட்டுவிடாதீர்கள். குளிருக்காகக் கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும்.

மாத்திரை, கோகா தேநீர், ஆக்ஸிமீட்டர்

கண் அழுத்த நோய்க்கும் தரப்படும் அசெட்டசோலமைடு (டயமாக்ஸ்) உயர்மலை நோயைத் தடுக்க உதவும். சிறுநீரகம் செய்யும் சமநிலை வேலையை அது விரைவுபடுத்துகிறது. பெரியவர்களுக்குத் தடுப்பு அளவு பொதுவாக 125 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை. ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவார்கள். விரல் நுனியில் மதமதப்பு, அடிக்கடி சிறுநீர் ஆகியவை வரலாம். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. மற்றவர்களும் டாக்டர் சீட்டோடு வாங்கி, ஊரிலேயே ஓரிரு வேளை போட்டுப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

குஸ்கோ விடுதிகளில் கோகா இலைத் தேநீர் தருவார்கள். ஆண்டீஸ் மக்களின் வாழ்வோடு கலந்த இலை அது. அசதிக்கு இதமாக இருக்கும். ஆனால் உயர்மலை நோயைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அதைக் குடித்தபின் போதைப்பொருள் சோதனையில் கோகெய்ன் இருப்பதாகக் காட்டக்கூடும். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கோகா இலையையும் தடை செய்கிறது. நினைவுப் பொருளாகக்கூட ஊருக்குக் கொண்டுவராதீர்கள்.

ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். ஊரில் 97 காட்டிய விரல் அங்கே 85 காட்டலாம், அது பலருக்கு இயல்பே. குளிர்ந்த விரலில் கருவி தப்பாகவும் காட்டும். எண் நன்றாக இருந்தும் தலை வலித்தால், தலைவலியைத்தான் நம்ப வேண்டும்.

கிளம்பும் முன் டாக்டரைப் பார்க்க வேண்டியவர்கள்

இதய நோய், நுரையீரல் நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், ரத்தசோகை, அரிவாள் செல் நோய் அல்லது அதன் மரபணுக்கூறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், முன்பு ஒருமுறை உயரத்தில் நோய்ப்பட்டவர்களும் கட்டாயம் ஆலோசனை பெற வேண்டும். நம் பெண்களில் பலருக்கு ரத்தசோகை இருப்பதே தெரிவதில்லை. முன்பணம் கட்டுவதற்கு முன் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். நீரிழிவுக்காரர்கள் இன்சுலின் உறைந்துவிடாதபடி உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, பெருவிலிருந்து இந்தியா திரும்புகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் தேவை. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே அது செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் இந்த ஊசி போடப்படுகிறது.

அறிகுறி தெரிந்தால்

• தலைவலி மட்டும் என்றால் ஓய்வு, தண்ணீர், பாராசிட்டமால். தலைவலியோடு குமட்டலோ தலைசுற்றலோ இருந்தால், சரியாகும் வரை ஒரு மீட்டர்கூட மேலே வேண்டாம்.

• ஒரே இடத்தில் தங்கியும் அறிகுறி கூடினால் கீழே இறங்க வேண்டும். 300 மீட்டர் முதல் 1,000 மீட்டர் வரை இறங்கினாலே பெரும்பாலும் பலன் தெரியும்.

• சந்தேகம் வந்தால் சமதரையில் குதிகாலைக் கட்டைவிரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீக்கம் என்றே கருத வேண்டும்.

• தள்ளாட்டமோ, சும்மா இருக்கும்போதே மூச்சுத்திணறலோ இருந்தால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. இரவானாலும் மழையானாலும் துணையோடு இறக்க வேண்டும். ஆக்ஸிஜன் இருந்தால் உடனே கொடுக்க வேண்டும்.

நிறுவனத்திடம் கேளுங்கள்

ஆக்ஸிஜன் சிலிண்டர் கூடவே வருமா? வழிகாட்டிக்கு முதலுதவிப் பயிற்சி உண்டா? ஒருவரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால் துணைக்குப் போக இரண்டாவது வழிகாட்டி இருக்கிறாரா? சுமை தூக்குவோருக்குப் போதிய உடையும் படுக்கையும் உண்டா? கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். மலையில் பிறந்தவர்கள்தானே என்று நாம் நினைக்கிறோம். மலைவாசிகளும் தாழ்நிலத்தில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பும்போது நுரையீரல் நீர்க்கோப்புக்கு ஆளாவதைப் பெரு நாட்டு மருத்துவர்கள் ஆவணப்படுத்தியிருக்கிறார்கள். சுமை தூக்குவோரில் ஒருவர் இருமினாலும் தள்ளாடினாலும் அவருக்கும் அதே சிகிச்சை, அதே துணை கிடைக்க வேண்டும். உங்கள் பயணக் காப்பீடும் 4,000 மீட்டருக்கு மேலான நடைக்கும் மீட்புக்கும் செல்லுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாயாபம்பாவிலிருந்து திரும்பிவிட்டால் மச்சு பிச்சுவைப் பார்க்க முடியாதோ என்று கலங்க வேண்டாம். மச்சு பிச்சு இருப்பது 2,430 மீட்டரில்தான், குஸ்கோவைவிடத் தாழ்வான இடம். ஒயாந்தாய்தம்போவிலிருந்து அடிவாரத்து ஊர் வரை ரயில் போகிறது. அங்கிருந்து மேலே பேருந்து உண்டு. உடம்பு சரியாகி, நுழைவுச்சீட்டும் கையில் இருந்தால், நடந்து வந்தவர்கள் பார்க்கும் அதே மச்சு பிச்சுவை நீங்களும் பார்க்கலாம். தலைவலியைச் சொன்னதால் நீங்கள் இழப்பது அந்த நடையை மட்டும்தான். அதனால் தயங்காமல் சொல்லுங்கள்.