பணியாற்றுவோரும் இணையவழிப் பட்டமும்

பணியையும் குடும்பப் பொறுப்பையும் விட்டு விலகாமல் உயர்கல்வி பெற வேண்டும் என்னும் நோக்கம் நம் நாட்டிற்குப் புதிதன்று. 1962-ஆம் ஆண்டில் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வாயிலாக இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அன்று அஞ்சலில் சென்ற பாடங்கள் இன்று இணையத்தின் வழியே வீடு தேடி வருகின்றன. வாய்ப்புகள் பெருகியுள்ள அதே அளவுக்கு, ஆய்ந்து தேர்ந்தெடுக்க வேண்டிய பொறுப்பும் பெருகியுள்ளது.

அங்கீகாரம் எதற்கு?

பல்கலைக்கழகம் புகழ் பெற்றது என்பதனாலேயே அது நடத்தும் பாடத்திட்டங்கள் அனைத்தும் செல்லுபடியாகும் என்று கருதுதல் பொருந்தாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி தொலைநிலைக் கல்வியும் இணையவழிக் கல்வியும் வெவ்வேறு முறைகளாகும். ஒன்றிற்குக் கிடைத்த அனுமதி மற்றொன்றிற்குப் பொருந்தாது. எந்தப் பாடத்திட்டம், எந்த முறை, எந்தக் கல்விப் பருவம் ஆகிய மூன்றையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். முறையான அனுமதியுடன் பெற்ற பட்டம், நேரடியாகப் பயின்று பெற்ற பட்டத்திற்கு இணையானதே என அவ்விதிகள் கூறுகின்றன.

அனுமதியைச் சரிபார்க்காமல் சேருவதால் விளையும் இழப்புக்கு 2017 நவம்பர் 3-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு சான்றாகும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில, உரிய முன்அனுமதியின்றித் தொலைநிலை வழியில் பொறியியல் பட்டங்களை வழங்கியிருந்தன. 2001 முதல் 2005 வரை சேர்ந்தோரின் பட்டங்கள் தேர்வுக்கு உட்படுத்தப்பட்டு நிறுத்தி வைக்கப்பட்டன. பின்னர்ச் சேர்ந்தோரின் பட்டங்கள் ரத்தாயின. அவற்றைக் கொண்டு பெற்ற பதவி உயர்வுகளும் ஆட்டம் கண்டன. பாதிக்கப்பட்டோர் பலர் பணியில் இருந்தவர்கள். கட்டணத்தைத் திருப்பித் தருமாறு ஆணையிட இயலும். கழிந்த ஆண்டுகளைத் திருப்பித் தர எவராலும் இயலாது.

கவனிக்க வேண்டியவை

பொறியியல், மருத்துவம், செவிலியம், மருந்தியல், சட்டம் முதலிய படிப்புகளில் இணையவழிப் பட்டம் வழங்க விதிகள் இடம் தருவதில்லை. உளவியல் உள்ளிட்ட நலவாழ்வுத் துறைப் படிப்புகளுக்கும் 2025-ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து இத்தடை பொருந்தும். எனவே விளம்பரத்தை நம்பாமல், மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் தாம் சேரவிருக்கும் பாடத்திட்டத்தின் பெயரும் பருவமும் உள்ளனவா என்று பார்த்தல் முதற்கடமை. பிற நிறுவனங்களுக்குக் குத்தகையாக விட்டுப் படிப்பை நடத்துவதையும் விதிகள் தடை செய்கின்றன. ஆகவே கட்டணத்தைப் பல்கலைக்கழகத்திடமே நேரடியாகச் செலுத்துதல் நன்று.

அடுத்து, படிப்பு தம் வாழ்க்கைக்கு ஏற்றதா என ஆராய வேண்டும். பதிவு செய்யப்பட்ட விரிவுரைகளை இரவிலும் கேட்கலாம்; ஆனால், மேற்பார்வையுடன் நடைபெறும் தேர்வுகளுக்குக் குறித்த நாளில் விடுப்பு வேண்டும். பதவி உயர்வை எதிர்பார்ப்போர், அப்பட்டத்தைத் தம் துறை தகுதியாக ஏற்குமா என்பதையும் எழுத்து மூலம் முன்னரே அறிந்து கொள்வது நலம்.

விண்ணப்பிக்கும் முன் செலவிடும் சில மணி நேரம், பல ஆண்டு உழைப்பைக் காக்கும்.